பங்காளிகள் சேர்ந்து உழுத சரிவு

பென்னாகரம் பக்கம் சொத்து பாகம் பிரிக்கும்போது கயிற்றை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராகத்தான் பிடிப்பார்கள். மேட்டில் சரளை, நடுவில் செம்மண், பள்ளத்தில் மழைக்கு அடித்துவந்து சேர்ந்த நல்ல மண். குறுக்கே பிரித்தால் ஒருத்தனுக்குச் சரளை மட்டும் வரும், இன்னொருத்தனுக்கு நல்ல மண் மட்டும் வரும். அதனால் நாலு அண்ணன் தம்பிகளுக்கும் மூன்று வகை மண்ணும் கிடைக்கிற மாதிரி நீளவாக்கில் பிரிப்பார்கள். அடுத்த தலைமுறையில் அதே துண்டு மறுபடி நீளவாக்கில் இரண்டாகும். முப்பது, நாற்பது அடி அகலம், ஐந்நூறு அடி நீளம் என்று எங்கள் கொல்லைகள், அதாவது மானாவாரி நிலங்கள், நாடா நாடாவாகக் கிடப்பது இப்படித்தான்.

குடும்பத்துக்குள் இது நியாயமான பங்கு. மண்ணுக்கு மட்டும் ஆகாது. முப்பது அடி அகலத்தில் டிராக்டர் குறுக்கே ஓட முடியாது. திருப்பவே இடம் போதாது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்றுதான் ஓடும். ஒவ்வொரு உழவுசாலும் தண்ணீர் இறங்க ஒரு வழி. ஆவணி, புரட்டாசியில் இடியோடு ஒரு மழை கொட்டினால் அந்தச் சால்கள் வழியாகச் செவேலென்று தண்ணீர் ஓடைக்குப் போகும். ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 2 லட்சம் லிட்டர் தண்ணீர். அது ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண்ணை வழித்துக்கொண்டு போனாலே நாலு கன மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி) மண் போச்சு. தொழு உரம் ஒரு வண்டி போட யோசிக்கிற வீட்டில், உரம் போட்ட மண்ணே வண்டிக் கணக்கில் போகிறது.

தர்மபுரி மாவட்டத்தில் மானாவாரி விவசாயிகளோடு மண், நீர் பாதுகாப்பு வேலை செய்கிறவன் நான். வளர்ந்ததும் இதே மண்ணில்தான். நில மேலாண்மையை ஒரு விவசாயியிடமிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து வட்டாரத்துக்கும் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தப் பாகப்பிரிவினைக் கதையைத்தான். விவசாயிகளைத் தலை எண்ணிச் சேர்த்தால் எண்ணிக்கைதான் கூடும். ஒரே ஓடைக்குத் தண்ணீர் விடும் கொல்லைகளைச் சேர்த்தால்தான் மண் நிற்கும். சிறு விவசாயி தன் நாற்பது செண்டில் மட்டும் என்ன செய்தாலும், மேலே இருக்கிறவன் கொல்லைத் தண்ணீர் ஒரே மழையில் அதை உடைத்துவிடும்.

தமிழ்நாட்டு நிலவரம் முழுக்கவே இப்படித் துண்டு துண்டுதான். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இங்கே சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். 2016–17-இல் மாநில அரசு தொடங்கிய நீடித்த நிலையான மானாவாரி வேளாண்மை இயக்கம், ஆயிரம் ஹெக்டேரை ஒரு தொகுப்பாக எடுத்தது. அந்த யோசனை சரியானது. ஆனால் ஆயிரம் ஹெக்டேர் தொகுப்புக்குள் பத்து ஏக்கர் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வேலை பிடித்துக்கொண்டது அந்தப் பத்து ஏக்கர் மட்டத்தில்தான்.

முதலில் நடந்தது வரப்பு வேலை இல்லை, உழவு. நாலு பங்காளிகள், பக்கத்துப் பக்கத்து நாடாக்கள். இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நாங்கள் மண்ணரிப்பைப் பற்றிப் பேசியதற்கு யாரும் பெரிதாகத் தலையாட்டவில்லை. டிராக்டர் ஓட்டும் தம்பி ஒருத்தர்தான் விஷயத்தைப் பிடித்தார். "அண்ணே, நாலையும் சேர்த்து ஒரே நாளில் குறுக்கே விட்டால் நூத்தி முப்பது அடி ஓட்டம் கிடைக்கும். ஒரே மூச்சில் முடிச்சிடலாம். தனித்தனியா நாலு நாள் கூப்பிட்டால், வந்துபோற நேரம், ஓரத்துல நுழைஞ்சு நுழைஞ்சு எடுக்கிற நேரம், எல்லாத்துக்கும் மணிக்கணக்கு ஏறுது" என்றார். வாடகை மணிக்கு இவ்வளவு என்று கொடுக்கிறவர்களுக்கு அது உடனே புரிந்தது. பேசாத இரண்டு பேரும் டிராக்டர் கணக்குக்காக ஒரே நாளில் கொல்லைக்கு வந்தார்கள்.

எல்லை போய்விடுமே என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஒரு அடி நிலத்துக்குக் கோர்ட்டு வரை போகிற ஊர். அதனால் எல்லைக்கல் ஒன்றையும் தொடவில்லை. மேலே ஒன்று, நடுவில் இரண்டு, கீழே ஒன்று என்று ஒவ்வொரு எல்லைக்கும் கல் இருக்கிற இடத்தில் டிராக்டர் கலப்பையைத் தூக்கிக்கொண்டு தாண்டியது. உழவு முடிந்ததும் கல்லுக்குக் கல் கயிறு கட்டி, மண்வெட்டியால் ஒரு சின்னக் கோடு இழுத்தார்கள். விதைப்பு அவரவர் இஷ்டம். ஒருத்தர் கடலை போட்டார், ஒருத்தர் கேழ்வரகில் மொச்சை கலந்தார். நிலம் சேரவில்லை, பயிர் சேரவில்லை, உழவு நாள் மட்டும்தான் சேர்ந்தது. அந்த அளவுக்கு மேல் கேட்டிருந்தால் யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். கூட்டுப் பண்ணை, கூட்டுச் சாகுபடி என்றெல்லாம் வெளியிலிருந்து வருகிறவர்கள் பேசும்போது எனக்கு இந்தக் கயிறுதான் நினைவுக்கு வரும்.

அந்த வருஷம் பலன் கண்ணில் தெரிந்தது கீழ்க் கொல்லையில். மழைக்கு அடுத்த நாள் கடலைச் செடி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற வழக்கமான காட்சி அந்தப் பகுதியில் இல்லை. மேலே பெய்தது மேலேயே சாலுக்குள் நின்று இறங்கியது.

உழவு சேர்ந்த பிறகு வரப்புப் பேச்சு எளிதாயிற்று. சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போடும் சம உயர வரப்பு என்றால் பெரிய பொறியியல் வேலை, சர்வே கருவியோடு ஆள் வர வேண்டும் என்று பல ஊர்களில் நினைக்கிறார்கள். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள். கொத்தனார் கையில் இருக்கும் டியூப் லெவல் அவர்களுக்கு அத்துப்படி. கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப், நாற்பது ஐம்பது அடி நீளம். உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர். இரண்டு முனையிலும் அடி அளவு கீறிய ஒரே உயரக் குச்சி. ஒருத்தர் ஓர் இடத்தில் நிற்க, மற்றவர் மேலும் கீழும் நகர்ந்து, இரண்டு குச்சியிலும் தண்ணீர் ஒரே கீறலில் நிற்கும் இடத்தில் ஒரு முளை அடிக்க வேண்டியதுதான். அப்புறம் அந்த முளையிலிருந்து அடுத்த முளை. தீபாவளிக்கு ஊருக்கு வந்த ஒரு கொத்தனார், மகளிர் குழுப் பெண்களுக்கு ஒரு காலைப் பொழுதில் இதைச் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கு அந்தப் பெண்கள்தான் அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கோடு போடப் போகிறார்கள், நாள் கூலிக்கு. எந்தத் தொழில்நுட்பத்தையும் பரப்புவதற்கு முன்னால், இந்த ஊரில் இது ஏற்கெனவே யாருக்குத் தெரியும் என்று தேடிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் ஒருத்தர் இருப்பார்.

இடைவெளிக்குக் கணக்கு இருக்கிறது. நூறு அடி நடந்தால் மூன்று அடி இறங்குகிற சரிவில், ஏறக்குறைய நூறு அடிக்கு ஒரு வரப்பு போதும். சரிவு குறைவானால் தூரம் கூடும். வரப்புக்கு மண் எடுக்கும்போது மேல்மண்ணை வழித்துக் குவிக்கக் கூடாது. வரப்புக்கு மேல்பக்கம் குழிவெட்டி, அந்த மண்ணைப் போட வேண்டும்; குழியில் தண்ணீரும் நிற்கும். புது வரப்பு முதல் மழைக்கு அமுங்கும், அதனால் கொஞ்சம் உயர்த்தியே போட வேண்டும். பழைய அரிப்பு ஓடியிருந்த இடத்தில்தான் எப்போதும் உடைப்பு எடுக்கும். அங்கே மட்டும் மண்ணை நனைத்து, மிதித்து, கல் அடுக்க வேண்டும். மழை விட்ட மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வரப்பு மேல் ஒரு நடை நடக்கிற கொல்லையில் வரப்பு பத்து வருஷம் இருக்கும். நடக்காத கொல்லையில் இரண்டாவது வருஷம் எலி வளையில் தொடங்கி, மூன்றாவது வருஷம் காணாமல் போகும்.

ஆனால் சண்டை வருவது வரப்பினால் இல்லை, கலங்கலால், அதாவது தண்ணீர் வழிந்து வெளியேற வரப்பில் விடும் வாயால். மிஞ்சிய தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறுவது? ஒரு சரிவில் மேல் கொல்லைக்காரர் தன் கலங்கலைக் கீழ் கொல்லை அக்காவின் வெங்காயப் பாத்திக்கு நேராக வைத்துவிட்டார். "என் கொல்லையில என்னவோ பண்ணுங்க, உங்க தண்ணி என் தலையில ஏன் விழணும்?" என்று அந்த அக்கா கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. கடைசியில் மேலிருந்து கீழே ஓடை வரைக்கும் எல்லோரும் ஒன்றாக நடந்தோம். ஒவ்வொரு கலங்கலும் ஒரே ஓரத்தில், கல் பாவிய ஒரே வழியில் இறங்குகிற மாதிரி மாற்றினார்கள். அந்த ஓரத்து நிலத்துக்காரருக்கு மூன்று அடி அகலம் இழப்பு. அதற்கு ஈடாக, ஓடையோரம் கட்டிய சின்னத் தடுப்பில் சேரும் வண்டலை முதலில் அவர் அள்ளிக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். எழுத்து இல்லை, ஊர்ப் பெரியவர் முன்னால் வாய்ப்பேச்சுதான். இன்று வரை நிற்கிறது. வேலை தொடங்குவதற்கு முன்னால் தண்ணீர் இறங்குகிற வழியை எல்லோரும் சேர்ந்து ஒருமுறை நடந்துவிட்டால் பாதிச் சண்டை வராது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே நடந்தால் இன்னும் நல்லது. தண்ணீரே பேசிவிடும், நாம் பேச வேண்டியதில்லை.

வரப்பு போட்டால் போதுமா, பசுமை ஒட்ட வேண்டாமா? அங்கேதான் ஆடு வருகிறது. அறுப்பு முடிந்ததும் எங்கள் ஊரில் எல்லாக் கொல்லையும் மேய்ச்சல் நிலம்தான். நிலமில்லாத குடும்பங்களுக்கு அந்த ஆடுகள்தான் சேமிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணச் செலவு எல்லாம். வரப்பில் கன்று வைத்துவிட்டு ஆட்டுக்காரர்களைத் திட்டுவது நியாயமே இல்லை.

இந்த இடத்தில் அரியானாவின் சுகோமாஜ்ரி கிராமத்தை நான் அடிக்கடி சொல்வதுண்டு. சண்டிகரின் சுக்னா ஏரி வேகமாகத் தூர்ந்துபோக, மண் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது இந்த ஊரின் மொட்டை மலைச்சரிவுதான் காரணம் என்று தெரிந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் அங்கே சின்ன மண் அணை கட்டினார்கள். அதன் தண்ணீரில் நிலம் இருக்கிறவர், இல்லாதவர் என்று பார்க்காமல் எல்லாக் குடும்பத்துக்கும் சமபங்கு கொடுத்தார்கள். பங்கு கிடைத்த பிறகுதான் மலையில் ஆடு மேய்ப்பதை ஊரே சேர்ந்து நிறுத்தியது. வேலி போடாமலே மலை பச்சையானது. நிலமில்லாதவருக்குப் பங்கு இல்லாத எந்த மண் பாதுகாப்பும் அறுப்பு முடியும் வரைதான்.

எங்களிடம் பங்கு கொடுக்க அணைத் தண்ணீர் இல்லை. தீவனம்தான் கொடுக்க முடிந்தது. வரப்புகளில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் விதைத்தோம். முயல் மசால் விதை மேல்தோல் கெட்டி. அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய வெந்நீரில் நாலைந்து நிமிஷம் போட்டு எடுத்து, ஒரு ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். கொழுக்கட்டைப் புல் விதை பஞ்சு மாதிரி, காற்றில் பறக்கும். ஈர மண்ணில் பிசறித் தூவ வேண்டும். முதல் வருஷம் வரப்பில் மேய்ச்சல் கிடையாது, அறுத்துக்கொண்டு போகலாம். யார் அறுப்பது? நிலத்துக்காரர் பாதி, அந்த வரப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆட்டுக்காரக் குடும்பம் பாதி. இந்தப் பாதிக் கணக்கை நாங்கள் யோசிக்கவில்லை. விளைச்சலில் பங்குக்கு, அதாவது வாரத்துக்கு, நிலம் விடும் பழக்கத்திலிருந்து ஊர்ப் பெண்களே எடுத்தார்கள். அதனால்தான் அது நின்றது. மண்ணரிப்பு தடுக்கிறது என்பதற்காக இந்தப் புல்லை யாரும் போடவில்லை. கோடையில் ஆட்டுக்குப் பச்சை கிடைக்கிறது என்பதற்காகப் போட்டார்கள், மண்ணும் நின்றது.

திட்டங்களோடு வேலை செய்கிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். 2008 பொது வழிகாட்டு நெறிமுறைகளில் தொடங்கி, ஒரே ஓடைக்குத் தண்ணீர் வடியும் நிலப்பரப்பை மொத்தமாக எடுத்துச் செய்யும் நீர்வடிப்பகுதித் திட்டங்களில் சொந்த நிலத்தில் நடக்கும் வேலைக்கு விவசாயி ஒரு பங்கு போட வேண்டும்: பொதுவாக 10 சதவீதம், சிறு குறு விவசாயிகளுக்கும் பட்டியல் சமூகத்தவருக்கும் 5 சதவீதம். அந்தப் பங்கு பராமரிப்பு நிதிக்குப் போக வேண்டியது. அதைக் கூலியில் பிடித்து, விவசாயிக்குத் தெரியாமலே கணக்கில் வரவு வைக்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி வந்த வரப்பு அரசாங்க வரப்பாகவே இருக்கும், உடைந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். பணமாகவோ உழைப்பாகவோ, அவர் கையாலேயே கொடுக்கட்டும்.

அடுத்தது காலம். மார்ச் முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று ஒரு திட்டத்தில் காய்ந்த மண்ணில் ஜேசிபி விட்டு அவசர அவசரமாக வரப்பு இழுத்தார்கள். புழுதி மண் ஒட்டாது. சித்திரையில் அடித்த முதல் கோடை மழையிலேயே பல இடங்களில் கரைந்தது. அதே வேலையைக் கோடை மழை ஒன்று பெய்து மண் பதமான பிறகு செய்திருந்தால் பாதிச் செலவில் கெட்டியாக நின்றிருக்கும். மார்ச்சில் கோடு போடலாம், கல் சேர்க்கலாம், பேச வேண்டியதைப் பேசி முடிக்கலாம். மண் வேலைக்கு ஈரம் வேண்டும்.

பட்டா இன்னொரு தலைவலி. தாத்தா பெயரில் பட்டா, அனுபவிப்பது பேரன்கள், அதில் இரண்டு பேர் ஓசூரில். மானியத்துக்கு மனு போட்டால் கையெழுத்து வாங்கவே ஒரு போகம் போய்விடும். அதனால் பட்டா கேட்காத வேலைகளை முதலில் எடுப்பது எங்கள் வழக்கம்: குறுக்கு உழவு, புல் விதைப்பு, ஆட்டுக்கிடை, ஊடுபயிர். ஏரி வண்டல் அள்ளுவதற்கு 2024-இல் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று ஆக்கியது உண்மையிலேயே பெரிய உதவி. சரளைக் கொல்லைக்கு வண்டலைப் போல மருந்து கிடையாது. ஆனால் ஒரு வார்த்தை: வரப்பு போடாத சரிவில் வண்டல் அடித்தால், அது திரும்ப ஏரிக்கே போகும்.

குத்தகைக்காரருக்கு வரப்பு போட மனசு வராது, வருஷா வருஷம் மாறுகிற நிலத்தில் ஏன் போடுவார்? மூன்று வருஷம் அவரே உழுவார் என்று நிலத்துக்காரரிடம் நாலு பேர் முன்னால் வாக்கு வாங்கிய இடங்களில் மட்டும் அது நடந்தது.

சரி, ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்கு எப்படிப் போனது? நாங்கள் நடத்திய பயிற்சிக் கூட்டங்களால் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது அதிகம் இல்லை. முதலில் பரப்பியவர் அந்த டிராக்டர்க்காரத் தம்பி. பத்துப் பன்னிரண்டு ஊருக்கு உழப் போகிறவர். குறுக்கே உழுதால் அவருக்கும் டீசல் மிச்சம், ஒரே நாளில் அதிகம் பேருக்கு முடிக்கலாம். "பங்காளிகளைச் சேர்த்துக் கூப்பிடுங்க, நேரம் குறையும்" என்று அவர் போன இடமெல்லாம் சொன்னார். நாங்கள் அச்சடித்த துண்டறிக்கை அவ்வளவு தூரம் போயிருக்காது. அதைப் பார்த்த பிறகு, டிராக்டர் வைத்திருக்கிறவர்களைத் தனியாகக் கூட்டி உட்காரவைத்துப் பேசுவதை வேலையின் ஒரு பாகமாகவே ஆக்கினோம். விதைக் கடைக்காரர், ஆடு வாங்க வரும் வியாபாரி, பால் ஊற்றும் இடம், இவையெல்லாம் அப்படித்தான். தினமும் நாலு ஊர் ஆட்களைப் பார்க்கிறவர்கள்.

இரண்டாவது, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். முயல் மசால் விதை எந்த ஊருக்குப் போனது என்று பின்னால் விசாரித்தால், அது எங்கள் திட்ட வரைபடத்தில் இல்லை, சம்பந்தி வீடுகள் இருக்கிற திசையில் இருந்தது. தாய் வீட்டுக்கு வந்த மகள் முந்தானையில் முடிந்துகொண்டு போகிறாள். அடுத்த வருஷம் அவள் மாமனார் வந்து, "அந்தப் புல்லை எப்படி விதைச்சீங்க?" என்று கேட்கிறார். கண்டறியும் சுற்றுலா என்று பேருந்து பிடித்துத் தூரத்து ஊருக்குக் கூட்டிப் போவதைவிட, இந்த உறவு வழியில் இருக்கிற ஊரில் இரண்டு வீட்டை அழைத்து ஒரு நேரம் சோறு போட்டுக் கொல்லையைக் காட்டுவது செலவும் குறைவு, பலனும் அதிகம்.

இன்னும் தீராத ஒரு சிக்கல், சரிவின் தலைமாட்டில் இருக்கிற கொல்லைகள். சாலை ஓரமாக இருப்பதால் அவற்றில் பல வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போட்டவை. உழவு கிடையாது, சீமைக்கருவேலமும் வெற்றுத் தரையும்தான். அங்கே விழும் மழை மொத்தமும் கீழே இருக்கிற பத்துக் குடும்பத்தின் வரப்பில் வந்து மோதுகிறது. சொந்தக்காரரைக் கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. "இடத்தை ஆக்கிரமிச்சிடுவீங்களோ" என்ற பயம்தான் அவர்களுக்கும். அதனால் இப்போது ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கிறோம்: நிலத்தின் மீது எந்த உரிமையும் கோர மாட்டோம், தலைமாட்டில் ஒரு வரப்பும் ஒரு குழியும் மட்டும், அதில் வளரும் புல்லை இந்தக் குடும்பம் அறுத்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் அறுப்பு முடிந்ததும் விட்டுவிடுவோம். கீழே கொல்லை வைத்திருக்கிற எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் சம்மதித்திருக்கிறார்கள், சிலர் போனையே எடுப்பதில்லை. எடுக்காதவர்களின் நிலத்துக்குக் கீழே முதல் வரப்பை மட்டும் கல்வரப்பாகப் போட்டு, கலங்கலை இரட்டிப்பு அகலமாக விடச் சொல்கிறோம். இந்த வருஷம் கோடை மழைக்கு முன்னால் அப்படி மூன்று சரிவுகளில் கல் சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.